ரியாலிட்டி ஷோ வன்முறையைப் பகடி செய்யும் குறும்படம்: எழுதுவது, எடுப்பது, வெட்டுவது

ரியாலிட்டி ஷோவைப் பகடி செய்யக் கிளம்பும் குறும்படங்கள் பலவும் ஒரே இடத்தில் சறுக்குகின்றன. போட்டியாளர்கள் அடித்துக்கொள்கிறார்கள். ஒருவர் மண்டை உடைகிறது. அதை ஸ்லோமோஷனில் மூன்று கோணத்தில் காட்டி, கீழே தடதடவென்று பிஜிஎம் போடுகிறார்கள். பார்ப்பவர் நாற்காலி நுனிக்கு வந்து ரசிக்கிறார். எதைக் கண்டிக்கப் புறப்பட்டோமோ அதையே இன்னொரு தடவை அழகாகச் செய்து கொடுத்தாகிவிட்டது.

இதற்குக் காரணம், அடி யார்மேல் விழ வேண்டும் என்று எழுதும்போதே முடிவு செய்யாதது. போட்டியாளர் ஏதோ ஒரு தேவைக்காக அங்கே வந்தவர். அவரைக் கேலிப்பொருளாக்கினால் அது பகடி ஆகாது. விதியை எழுதியவர், அதை அன்பாக அமல்படுத்தும் தொகுப்பாளர், வெட்டி ஒட்டும் எடிட்டர், வீட்டிலிருந்து ஓட்டுப் போடும் விரல். அடி இந்த நால்வர்மேல்தான் விழ வேண்டும். கீழே வருவது எல்லாம் இந்த ஒரு முடிவிலிருந்து கிளம்புகிற வேலைகள். கணக்கு இதுதான்: பதினைந்து நிமிடப் படம், ஒரு வீடு, ஆறு நடிகர்களும் ஒரு தொகுப்பாளரும், மூன்று ஃபோன், இரண்டு நாள் ஷூட்டிங்.

விதி: நடந்ததிலிருந்து ஒரே ஒரு படி

கதையைத் தேடாதீர்கள், முதலில் விதியைத் தேடுங்கள். விதிக்குக் கற்பனையைவிட நடந்தவை உதவும். 1998ல் ஜப்பானியத் தொலைக்காட்சி ஒன்று நசுபி என்ற நகைச்சுவைக் கலைஞரை உடையில்லாமல் ஓர் அறையில் விட்டது. பத்திரிகைப் பரிசுப்போட்டிகளுக்கு எழுதிப்போட்டு, விழுகிற பரிசுகளை வைத்தே பத்து லட்சம் யென் மதிப்பு சேரும்வரை அவர் வாழ வேண்டும். ஏறக்குறைய பதினொரு மாதம் ஆனது. அது வாராவாரம் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. நசுபி என்றால் கத்தரிக்காய். மறைக்க வேண்டிய இடத்தில் ஒரு கத்தரிக்காய்ப் படத்தை ஒட்டி, மேலே வேடிக்கையான ஒலிகளைப் போட்டார்கள். ஒரு அடிகூட விழவில்லை. இதைவிடப் பெரிய வன்முறையைக் கத்தியால் காட்ட முடியாது.

நமக்கு உதாரணமாகத் தூக்கத்தை எடுத்துக்கொள்வோம். 1959ல் பீட்டர் டிரிப் என்ற அமெரிக்க வானொலிக்காரர் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டில் 201 மணி நேரம் விழித்திருந்தார். நிதி திரட்டும் நோக்கம் நல்லதுதான். போவோர் வருவோர் எல்லாம் நின்று பார்த்தார்கள், அவருக்கோ இல்லாததெல்லாம் கண்ணில் தெரிய ஆரம்பித்தது. 2004 ஜனவரியில் பிரிட்டனின் சேனல் 4 பத்துப் பேரை ஒரு வாரம் தூங்காமல் இருக்கச் சொல்லிப் போட்டி நடத்தியது. பரிசு ஒரு லட்சம் பவுண்ட். பத்து விநாடிக்கு மேல் கண் மூடினால் ஆயிரம் பவுண்ட் கழிவு.

இதிலிருந்து ஒரு படி மட்டும் ஏறுங்கள். பத்துப் படி ஏறி, 2080ல் துப்பாக்கியோடு மனிதரை மனிதர் வேட்டையாடுவதாக வைத்தால் பார்ப்பவர் நிம்மதியாகச் சாய்ந்துவிடுவார், அது தன்னைப் பற்றியது இல்லை என்று. நம் நிகழ்ச்சி இந்த வருடம், தினமும் இரவு ஒன்பது மணிக்கு வருகிறது. பெயர் ‘கண்ணுறங்கா வீடு’. விதி: ஆறு பேர் ஒரு வீட்டில், ஒவ்வொரு இரவும் யாருக்கு அதிக மிஸ்டு கால் விழுகிறதோ அவர் மட்டும் நான்கு மணி நேரம் தூங்கலாம். வழங்குவது ஒரு மெத்தைக் கம்பெனி.

இந்த விதி ஏன் வேலை செய்கிறது என்று பாருங்கள். ஓட்டுப் போடுகிறவர் யாரையும் தண்டிக்கவில்லை. பிடித்தவருக்குத் தூக்கம் தருகிறார். மற்ற ஐந்து பேரின் தூக்கம் பறிபோவது அவர் கண்ணில் படாது. கொடுமை இரக்கத்தின் வேஷத்தில் வர வேண்டும். விதி அமைப்பதில் உள்ள சூட்சுமம் அவ்வளவுதான். இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளை விடாமல் பார்க்கிற ஒருவரிடம் விதியை மட்டும் சொல்லிப் பாருங்கள். ‘ஐயோ’ என்றால் ஒரு படி அதிகம் ஏறிவிட்டீர்கள். ‘பரிசு எவ்வளவு?’ என்று கேட்டால் சரியாக இருக்கிறது.

பத்திரம்

கையெழுத்துப் போடும் காட்சிக்கு ஒன்றரை நிமிடம் ஒதுக்குங்கள். ஒப்பந்தத்தை ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்காதீர்கள். நம்மிடம் சார்பதிவாளர் ஆபீஸ் மொழி இருக்கிறது, அதில் எழுதுங்கள். மல்லிகா என்ற நாற்பத்து நான்கு வயது இட்லிக்கடைக்காரரிடம் இதை வாசித்துக் காட்டுவதாக வையுங்கள்: “...சுயநினைவோடும் யாருடைய நிர்ப்பந்தமும் இல்லாமலும் எழுதிக்கொடுத்தது என்னவென்றால், எனக்குப் பாத்தியப்பட்ட தூக்கத்தை இன்று முதல் பத்து நாளைக்குத் தங்கள் வசம் ஒப்படைத்துவிட்டபடியால், மேற்படி தூக்கத்தைத் தாங்களே சர்வ சுதந்திரமாய் ஆண்டனுபவித்துக்கொள்ள வேண்டியது.” வாசிப்பவர் வேகமாக, முகத்தில் எதுவும் காட்டாமல் வாசிக்க வேண்டும். மல்லிகா கேட்கும் ஒரே கேள்வி, “எங்க கையெழுத்துப் போடணும் தம்பி?” அதற்குமேல் அந்தக் காட்சியில் எதையும் சேர்க்காதீர்கள்.

தொகுப்பாளர்

வில்லச் சிரிப்பு வேண்டவே வேண்டாம். மிரட்டுகிற குரலுக்கு மனிதர்கள் எவ்வளவு கீழ்ப்படிவார்களோ தெரியாது. அமைதியான குரலுக்கு எவ்வளவு கீழ்ப்படிவார்கள் என்பதற்குக் கணக்கே இருக்கிறது. ஸ்டான்லி மில்கிராம் யேல் பல்கலைக்கழகத்தில் 1961ல் தொடங்கிய சோதனையில், அடுத்த அறையில் இருப்பவருக்கு மின் அதிர்ச்சி தருவதாக நம்பிய நாற்பது பேரில் இருபத்தாறு பேர் கடைசி 450 வோல்ட் வரை போனார்கள். உண்மையில் மின்சாரம் எதுவும் பாயவில்லை. தயங்கியபோதெல்லாம் அருகில் இருந்தவர், முன்பே எழுதி வைத்த நான்கு வாக்கியங்களைப் படிப்படியாகச் சொன்னார், அவ்வளவே. 2010ல் பிரெஞ்சுத் தொலைக்காட்சி இதையே ஒரு போலி விளையாட்டு நிகழ்ச்சியாக அமைத்தது. ஆய்வாளர் இருந்த இடத்தில் தொகுப்பாளர். பின்னால் ‘தண்டனை’ என்று கத்துகிற ஆடியன்ஸ். எண்பது பேரில் நடுவில் நிறுத்தியவர்கள் பதினாறு பேர்தான்.

ஆகவே உங்கள் தொகுப்பாளருக்கும் நான்கே வாக்கியம் எழுதுங்கள், ஒன்றைவிட ஒன்று கனமாக. ஐந்தாம் நாள் மல்லிகா வீட்டுக்குப் போகக் கேட்கும் காட்சிக்கு:

“இன்னும் கொஞ்சம்தான் அக்கா, நீங்க முடிச்சிடுவீங்க.”
“இது நீங்களே ஒத்துக்கிட்ட ரூல்தானே அக்கா?”
“வெளியில உங்களுக்காக எத்தனை பேரு முழிச்சிருக்காங்க தெரியுமா?”
“கதவு தொறந்துதான் இருக்கு. போறதுன்னா போங்க. உங்க பொண்ணுகிட்ட மட்டும் நீங்களே சொல்லிடுங்க.”

நான்காவது வரும்போது தொகுப்பாளர் மல்லிகாவுக்குக் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தோளைத் தொட்டால் இன்னும் நல்லது. மேலேயிருந்து ஸ்பீக்கரில் வரும் குரலாக இதை வைப்பது பழகிப்போன உத்தி, ஆனால் பலவீனமானது. மில்கிராம் சோதனையில் உத்தரவு டெலிஃபோன் வழியாக வந்தபோது கடைசி வரை போனவர்கள் ஐந்தில் ஒருவர் அளவுக்குக் குறைந்தார்கள். பக்கத்தில் நிற்கும் அன்புக்குத்தான் பலம்.

நிமிடக் கணக்கு

இந்தியத் தொலைக்காட்சியில் ஒரு மணி நேரத்துக்கு விளம்பரமும் சேனலின் சொந்த புரோமோவும் சேர்ந்து பன்னிரண்டு நிமிடம் வரை போகலாம், அதாவது ஐந்தில் ஒரு பங்கு. உங்கள் பதினைந்து நிமிடத்திலும் மூன்று நிமிடத்தை அதற்கே கொடுங்கள். மெத்தை விளம்பரம் மூன்று தடவை வரட்டும். முதல் தடவை சாதாரண விளம்பரம். கடைசித் தடவை அதே விளம்பரம், ஒரு ஃபிரேம்கூட மாறாமல். அதற்குள் பார்ப்பவர் மாறியிருப்பார். விளம்பரத்தையே கோரமாக்கிக் காட்ட வேண்டும் என்று கை துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள்.

ஷூட்டிங்

இருண்ட கதை என்பதால் இருட்டாக லைட் வைப்பது புதியவர்கள் செய்யும் தவறு. இந்த வீடு நகைக்கடை மாதிரி ஜொலிக்க வேண்டும், எங்கேயும் நிழல் இருக்கக்கூடாது. நான்கு எல்இடி டியூப்லைட்டைச் சுவரோரம் மேல்நோக்கி வைத்து, வெள்ளைத் தெர்மாகோல் அட்டையில் பட்டுத் திரும்ப விடுங்கள். சுவருக்கு மஞ்சள், சோஃபாவுக்கு ரோஜா நிறம்.

மூன்று ஃபோனிலும் விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 விநாடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதற்குப் பொருந்தாத ஷட்டரில் லைட் மினுக்கலாம். வைட் பேலன்ஸையும் (நிறச் சமநிலை) எக்ஸ்போஷரையும் (ஒளி அளவு) மூன்றிலும் ஒரே அளவில் பூட்டுங்கள். ஆட்டோவில் விட்டால் ஒரு ஃபோனில் மஞ்சள் சுவர், இன்னொன்றில் பச்சைச் சுவர். இரண்டு ஃபோனை எட்டடி உயரத்தில் மூலைகளில் கட்டிக் கீழ்நோக்கிச் சாயுங்கள். அந்தக் கோணம் வந்தாலே பார்ப்பவருக்கு ‘இது அந்த மாதிரி நிகழ்ச்சி’ என்று புரிந்துவிடும். கேமராவை அசைக்காதீர்கள். 4கேயில் எடுத்து, அதில் பாதி அகலமுள்ள 1080ல் முடித்தால், எடிட்டிலேயே இரண்டு மடங்கு வரை ஜூம் போகலாம். அந்த ஜூம் சட்டென்று கிளம்பி, முகத்தைத் தாண்டிப்போய், அரை விநாடி கழித்துத் திரும்பிச் சரியாக நிற்கட்டும். தூரத்தில் யாரோ ரிமோட்டில் இயக்குகிற உணர்வு அதில்தான் வரும். மூன்றாவது ஃபோன், போட்டியாளர் தனியாக கேமராவைப் பார்த்துப் பேசும் கன்ஃபெஷன் அறைக்கு, கண் மட்டத்தில்.

ஃபோன் வீடியோ பெரும்பாலும் மாறும் ஃபிரேம் வேகத்தில் பதிவாகும். நீண்ட டேக்கில் உதடு ஒரு பக்கம், ஒலி ஒரு பக்கம் போய்விடும். டைம்லைனில் போடுவதற்கு முன்பே ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான 25க்கு மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் ஒரு கைதட்டல், ஒலியைப் பொருத்த.

காலர் மைக் மோவாய்க்கு ஒரு சாண் கீழே இருக்க வேண்டும். பட்டுப்புடவை சரசரக்கும், மருந்துக்கடையில் கிடைக்கும் காகிதப் பிளாஸ்திரியால் மைக்கின் மேலும் கீழும் துணியை ஒட்டிவிட்டால் சத்தம் அடங்கும். மைக்கை மறைக்க வேண்டாம், இந்த நிகழ்ச்சிகளில் அது தெரியத்தான் தெரியும். ஒவ்வொரு அறையிலும் எல்லோரையும் நிறுத்தி, யாரும் பேசாமல், ஒரு நிமிடம் வெறும் அறையின் ஒலியைப் பதிவு செய்யுங்கள். அது இல்லாமல் அடுத்த கட்ட வேலை நடக்காது.

வெட்டு

ரோமில் கிளாடியேட்டர் ஆட்டத்தைத் தன் செலவில் நடத்துகிறவருக்கு லத்தீனில் ‘எடிட்டர்’ என்றே பெயர். இன்றைக்கும் உயிரும் மானமும் அந்த நாற்காலியில்தான் முடிவாகின்றன. படத்தில் அதிக உழைப்பை இங்கே போடுங்கள்.

ரியாலிட்டி ஷோவில் ஒருவர் சொன்ன வாக்கியத்தை வெட்டி ஒட்டி வேறு அர்த்தம் வர வைப்பதைத் தொழிலில் ‘பிராங்கன்பைட்’ என்பார்கள். தமிழில் இது பயங்கரமான அளவுக்குச் சுலபம். நம் வாக்கியத்தில் மறுப்பும் கேள்வியும் கடைசியில் வருகின்றன. வாலை நறுக்கினால் போதும், தலை வேறு ஆளாகிவிடும்.

சக போட்டியாளர் ராதாவைப் பற்றி மல்லிகா கன்ஃபெஷன் அறையில் சொல்கிறார்: “ராதா மேல எனக்குக் கோபம்னு யாரு சொன்னா? அவ என் தங்கச்சி மாதிரி.” இதில் ‘கோபம்’ வரை எடுத்தால், “ராதா மேல எனக்குக் கோபம்.” எங்கே வெட்டுவது? ‘ம்’மில் உதடு மூடி ஒரு முனகல் இருக்கும், அலைவடிவத்தில் அது சமமாக ஓடும். ‘ன்’ தொடங்குவதற்கு ஒரு ஃபிரேம் முன்னால் வெட்டி, ஒலி மெல்ல அடங்க இரண்டு ஃபிரேம் ஃபேட் கொடுங்கள். உடனே அறையின் ஒலியை ஒரு விநாடி ஒட்டுங்கள். இல்லாவிட்டால் பின்னணி சட்டென்று செத்து, வெட்டு காதில் விழும். மிச்சப் பிரச்சினை சுருதி. கேள்விக்காக மேலே ஏறிய குரல் கூற்றாக ஒலிக்காது. அதனால் ஒத்திகையிலேயே நடிகரிடம் ‘கோபம்’ என்ற சொல்லைத் தட்டையாகச் சொல்லச் சொல்லுங்கள். உதடு காட்டிக்கொடுக்காமல் இருக்க, அந்த இடத்தில் ராதா வெங்காயம் நறுக்கும் ஷாட்டைப் போட்டு மூடுங்கள். அது எந்த நாளில் எடுத்ததாகவும் இருக்கலாம், கத்தியோடு இருந்தால் போதும்.

முழு வாக்கியம் நான்காவது நிமிடத்தில் வரட்டும், வெட்டியது ஒன்பதாவது நிமிடத்தில் நிகழ்ச்சியின் புரோமோவில். இடைவெளி இரண்டு நிமிடமாக இருந்தால் வித்தை காட்டுவதுபோல் ஆகிவிடும். எட்டு நிமிடமானால் முன்னது மறந்துவிடும். ஐந்து நிமிடத்தில், தான் காதால் கேட்டதையே பார்ப்பவர் சந்தேகிப்பார். அந்தச் சந்தேகத்தோடு அவர் வீட்டுக்குப் போய் டிவியைப் போட வேண்டும், இந்தப் படத்தின் பயன் அதில் இருக்கிறது. இப்படி வால் நறுக்கத் தோதான வாக்கியங்களை ஸ்கிரிப்ட்டில் நான்கைந்து முன்கூட்டியே நட்டு வையுங்கள். “வெளியே போகணும்னு எனக்கு ஆசையில்ல” என்பது இன்னொன்று.

விழும் காட்சி

ஐந்தாம் நாள் விடியற்காலை மல்லிகா சமையலறையில் விழுகிறார். விழுவதைக் காட்டக்கூடாது. படம் கன்ட்ரோல் ரூமில் இருக்கட்டும். “மூணு... கேமரா மூணு, போ” என்கிறார் ஒருவர், தூக்கக் கலக்கமில்லாத குரலில். ஓர் எவர்சில்வர் டம்ளர் விழுந்து, உருண்டு, அடங்குகிற ஒலி மட்டும் நமக்குக் கேட்கிறது. டம்ளர் நிற்கும்வரை விடுங்கள், நான்கு விநாடி. அதைத் தனியாக மொசைக் தரையில் பதிவு செய்யுங்கள், டைல்ஸில் ஒலி ஒல்லியாக இருக்கும். பிறகு, “ரீப்ளே ரெடி பண்ணு.” அந்த ரீப்ளேயை ஸ்டுடியோ ஆடியன்ஸ் பார்க்கிறார்கள், நமக்குத் தெரிவது அவர்கள் முகம் மட்டும், பன்னிரண்டு விநாடி. ஒருவர் வாயைப் பொத்துகிறார், ஆனால் கண்ணை எடுக்கவில்லை. கீழே இசை எதுவும் கூடாது. படம் முழுக்க வன்முறைக்கு ஆகும் மொத்த நேரம் நாற்பது விநாடியைத் தாண்டினால் எங்கேயோ நீங்களும் ரசிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்; திரும்பிப் போய்க் குறையுங்கள்.

தூக்கமில்லாதவரை நடிக்கக் கொட்டாவி உதவாது. இரண்டாம் நாள் எரிச்சலும் காரணமில்லாத சிரிப்பும். மூன்றாம் நாளுக்குமேல், கண் திறந்திருக்கும்போதே பேச்சின் நடுவில் இரண்டு மூன்று விநாடி ஆள் காணாமல்போய், திரும்பும்போது ஒரு சொல் மாறி வரும். “சட்னிக்கு... தண்டவாளம் வதக்கணும்.” அதைத் திருத்திக்கொள்ளாமல் அவர் மேலே பேச வேண்டும். நடிகர்களை நிஜமாக விழிக்க வைக்காதீர்கள், ‘ஒரே ஒரு ராத்திரி’கூட வேண்டாம். செய்தால் நீங்கள் எடுப்பது அந்த நிகழ்ச்சியைத்தான். கீழிமைக்கு வெளியே மெரூன் ஐஷேடோவை விரலால் தேய்த்தால் கண் வீங்கித் தெரியும். கண்ணுக்குள் எதுவும் போடாதீர்கள்.

எண்ணும் அடையாளமும்

நிஜச் சேனல் லோகோ, நிஜத் தொகுப்பாளரின் மேனரிசம், நிஜ மெத்தைக் கம்பெனி எதுவும் வேண்டாம். ஒருவரைக் குத்தினால் மற்ற எல்லோரும் தப்பிவிடுவார்கள். திரையில் வரும் மிஸ்டு கால் எண்ணை ஐந்து இலக்கத்தோடு நிறுத்துங்கள். பத்து இலக்கம் போட்டால் அது யாரோ ஒருவருடைய எண்ணாக இருக்கலாம், அவருக்கு ஃபோன் போகும். 1970ல் மேற்கு ஜெர்மனியில், கொலையாளிகளிடமிருந்து ஒரு வாரம் தப்பித்தால் பத்து லட்சம் மார்க் என்ற கற்பனை நிகழ்ச்சியைப் படமாக ஒளிபரப்பியபோது, அதில் சேர விரும்பி நிஜமாகவே ஆட்கள் தொடர்புகொண்டார்கள். ‘இது கற்பனை’ என்ற அறிவிப்பைத் தொடக்கத்தில் போட்டால் படத்தின் பல் பிடுங்கப்பட்டுவிடும். கடைசி டைட்டிலில் ஐந்து விநாடி, படிக்கக்கூடிய அளவு எழுத்தில் போடுங்கள்.

வெளியிடுவதற்கு முன் எட்டுப் பேருக்குப் போட்டுக் காட்டுங்கள், பாதிப்பேர் இத்தகைய நிகழ்ச்சிகளை விரும்பிப் பார்ப்பவர்களாக இருக்கட்டும். பத்தாவது நிமிடத்தில் நிறுத்தி, “நீங்க யாருக்கு மிஸ்டு கால் குடுப்பீங்க?” என்று கேளுங்கள். தயங்காமல் பேர் சொன்னால் படம் அவர்களைப் பிடித்துவிட்டது. யாரும் பேர் சொல்லாவிட்டால் போட்டியாளர்கள் இன்னும் மனிதர்களாகவில்லை. முதல் நான்கு நிமிடத்தைத் திருத்துங்கள். ரீப்ளேயைப் பார்க்க முடியவில்லையே என்று யாராவது குறைப்பட்டால் அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். ஆடியன்ஸ் முகங்களை இன்னும் மூன்று விநாடி நீட்டுங்கள்.

கடைசி ஷாட்: அன்றிரவு அதிக மிஸ்டு கால் மல்லிகாவுக்கு. ஸ்பான்சரின் மெத்தையில் அவர் படுத்திருக்கிறார், மூலை கேமரா, சாம்பல்பச்சை நிறத்தில் இரவுப் பார்வை. கீழே எழுத்து: ‘உங்கள் அன்பால் மல்லிகா தூங்குகிறார்’. கழுத்துவரை தடித்த கம்பளி போர்த்துங்கள், நெஞ்சு ஏறி இறங்குவது தெரியக்கூடாது. ஃபேன் இரண்டில் ஓடட்டும்; போர்வையின் ஓரம் அசையும், அது மூச்சா காற்றா என்று சொல்ல முடியாது. இருபது விநாடி, அறையின் ஒலி மட்டும். மூலையில் மிஸ்டு கால் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். எண் மாறுகிற அந்த ஃபிரேமிலேயே கறுப்புக்கு வெட்டுங்கள்.